கிராஞ்சிக்குப் போகும் முன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவகத்துக்குப் போகப்போவதாக எழுதி, இரண்டாம் உலகப் போரில் கடலில் காணாமல் போன விமானப்படைக்காரர்களின் பெயர்களை அங்கே எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தாய். அங்கே குன்றின் உச்சியில் நிற்கும் சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. எல்லோரும் கல்லறை இன்னதென்று தெரியாதவர்கள். வெறுங்கையோடு போனால் கண் பெயர்களின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும், எந்தப் பெயரும் மனதில் நிற்காது. அதனால் வீட்டிலேயே ஒரு நாளையும் ஒரு விமானத்தையும் தேர்ந்தெடுத்து, அதில் போனவர்கள் யார் யார் என்று எழுதிக்கொண்டு போ.

நான் சொல்லப்போகிறவர்கள் இலங்கைக் கடலில் மாண்டவர்கள். அவர்களின் பெயர் ஏன் சிங்கப்பூரில் இருக்கிறது என்று உனக்குத் தோன்றும். அந்தச் சின்னம் மலாயாவில் மாண்ட தரைப்படையினருக்கானது மட்டும் இல்லை. தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதிலும், சுற்றியுள்ள கடல்களிலும் மாண்டு உடல் கிடைக்காத காமன்வெல்த் விமானப்படையினருக்கும் அதுதான் இடம். போர்க்காலத்தில் நம் சென்னைக்குப் பக்கத்துச் செங்குன்றம் ஏரியிலிருந்து வங்கக்கடலுக்குப் பறந்த 240, 191-ஆம் ஸ்குவாட்ரன்களின் (விமானப்படைப் பிரிவுகளின்) கேட்டலினாக்களில், அதாவது நீரில் இறங்கி ஏறும் ரோந்து விமானங்களில், யாராவது திரும்பாமல் போயிருந்தால் அவர்களையும் நீ அங்கேதான் தேட வேண்டும்.

நான் உனக்குச் சொல்வது கனடாவின் 413-ஆம் ஸ்குவாட்ரனை. 1942 மார்ச் கடைசியில் அதன் கேட்டலினாக்கள் இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலை ஏரிக்கு வரத் தொடங்கின. ஸ்குவாட்ரன் லீடர் லெனார்ட் பிர்ச்சால் ஷெட்லாந்து தீவுகளிலிருந்து ஏப்ரல் 2 அன்று வந்து சேர்ந்தார். ஏப்ரல் 4 அன்று ரோந்து போனவர், இலங்கையின் தென்முனையிலிருந்து சுமார் 350 மைல் தூரத்தில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டார். செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியரின் ஜீரோ போர் விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. விமானத்தில் இருந்தவர்கள் 9 பேர். ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். நீரில் மிதந்த இருவர் சுடப்பட்டு இறந்தார்கள். பிர்ச்சாலும் மற்ற ஐவரும் கைதிகளானார்கள். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9 காலையில் அதே ஸ்குவாட்ரனின் இன்னொரு கேட்டலினா திருகோணமலைக்குக் கிழக்கே அந்தக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அதற்குப் பிறகு அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்த இரண்டாவது விமானத்தைத்தான் நீ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். பிர்ச்சால் உயிரோடு திரும்பியதால் முதல் விமானத்தின் கதையைச் சொல்ல ஆள் இருந்தது. இரண்டாவதைச் சொல்ல ஒருவரும் இல்லை. மிஞ்சியிருப்பது ஏடுகள் மட்டும்தான்.

அவர்களை ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போ. கேட்டலினா மெதுவான விமானம், மணிக்கு 100 கடல் மைலுக்குச் சற்று மேல் போகும். நாள் முழுவதும் ரோந்து பறந்தாலும் தான் எங்கே இருக்கிறோம் என்பதைத் திசை, வேகம், நேரம், காற்று இவற்றைக் கொண்டே கணக்கிட வேண்டும். திசையில் ஒரு டிகிரி பிசகினால் 60 கடல் மைல் போவதற்குள் ஒரு கடல் மைல் விலகிவிடும். மூன்று டிகிரி பிசகோடு 400 கடல் மைல் போனால் 20 கடல் மைல் தள்ளி இருப்பார்கள். செய்தியில் சொன்ன இடமே அப்படி என்றால், விழுந்த பிறகு நீரோட்டமும் காற்றும் ரப்பர் படகை இன்னும் விலக்கிக்கொண்டு போகும். மேலிருந்து பார்ப்பவனுக்கு அலை நடுவில் அந்தப் படகு சில மைலுக்கு அப்பால் தெரியாது. வட கடலில் விழுந்தவனைக் குளிர் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். வங்கக்கடலில் குளிர் கொல்லாது, தாகமும் வெயிலும் கொல்லும். எதிரிக் கப்பல்களுக்கு நடுவே விழுந்தவனுக்கோ தேடி வரவும் ஆள் கிடையாது.

இனி ஏடுகள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடல் பக்கத்தில் பெயரைப் போடாதே. இறந்த நாள் 9 ஏப்ரல் 1942, படை விமானப்படை, நினைவிடம் சிங்கப்பூர் நினைவுச்சின்னம் என்று மட்டும் போடு. வருகிற பட்டியலில் 413 ஸ்குவாட்ரன் என்று இருப்பவர்களைப் பிரித்தெடு. ஒரே விமானத்தில் போனவர்கள் ஒரே நாளில் இறந்ததாகப் பதிவாகியிருப்பார்கள். அன்றே பிரிட்டிஷ் 11-ஆம் ஸ்குவாட்ரனின் 9 பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் கொழும்பிலிருந்து போய் நகுமோவின் கப்பல்கள் மேல் குண்டு வீசின. அவற்றில் ஐந்து திரும்பவில்லை. பட்டியலில் அவர்களும் கலந்து வருவார்கள், குழப்பிக்கொள்ளாதே. ஒரு முடிச்சு இன்னும் இருக்கிறது: ஸ்குவாட்ரன் கனடாவுடையது என்றாலும் அதன் விமானங்களில் பிரிட்டிஷ் விமானப்படையினரும் பறந்தார்கள். ஆகவே கனடாப் படை என்று சுருக்கித் தேடினால் மற்றவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

ஒவ்வொருவருக்கும் பணி எண்ணைக் கட்டாயம் எழுதிக்கொள். கனடாக்காரர்களில் அதிகாரிகளின் எண் ஜே-யிலோ சி-யிலோ தொடங்கும், மற்றவர்களின் எண் பெரும்பாலும் ஆர்-இல் தொடங்கும். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பது சாதாரணம். பணி எண்தான் ஆளை அடையாளம் காட்டும்.

நாளையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஸ்குவாட்ரன் செயல்பாட்டு ஏடு லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 வரிசையில் இருக்கிறது, இணையத்திலேயே எடுக்கலாம். படிவம் 540 நாள்வாரிச் சுருக்கம். படிவம் 541-இல்தான் எந்த விமானம், யார் யார், எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று இருக்கும். நேரம் கிரீனிச்சா உள்ளூரா என்று பார்த்துக்கொள். இலங்கையில் விடிகாலை என்றால் கிரீனிச்சில் முந்தின இரவு, தேதியே ஒரு நாள் மாறிவிடும். இன்னொன்று, கடலில் போனவர்களுக்கு முதலில் ‘காணவில்லை’ என்றுதான் தந்தி போகும். ஆறு மாதம் போல் கழித்தே ‘இறந்ததாகக் கொள்ளப்படுகிறார்’ என்ற கடிதம் வரும். அந்தக் கடிதத் தேதியை இறந்த தேதி என்று எழுதிவிடுபவர்கள் நிறைய. வேறொரு நாள் நீ ஆஸ்திரேலியர் ஒருவரைத் தேடினால் அவர்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ705 வரிசைக் கோப்புகளைப் பார். வீட்டாருக்குப் போன கடிதங்களின் நகல்கள்கூட அதில் இருக்கும். படிக்க மனத்திடம் வேண்டும்.

மட்டக்களப்புக்கு அப்பால் அதே ஏப்ரல் 9 அன்று மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலின் விமானிகளைக் கிராஞ்சியில் தேடாதே. கடற்படை விமானிகளுக்கு இங்கிலாந்தில் லீ-ஆன்-சோலன்ட் என்ற ஊரில் தனிச் சின்னம் இருக்கிறது.

கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி வுட்லண்ட்ஸ் சாலையில் நடந்தே போய்விடலாம். படிகளில் நிழல் இல்லை, காலையிலேயே போ, தண்ணீர் எடுத்துக்கொள். மேலே, விமான இறக்கை போன்ற கூரையைத் தாங்கும் சுவர் போன்ற தூண்களில்தான் பெயர்கள் இருக்கின்றன. ஆணையத்தின் பதிவில் ஒவ்வொருவருக்கும் தூண் எண் கொடுத்திருப்பார்கள், அதைக் குறித்துக்கொண்டு நேராக அங்கே போ. கல்லில் பதவி, குடும்பப்பெயர், முதலெழுத்துகள் மட்டுமே இருக்கும். வயதும் தேதியும் ஸ்குவாட்ரனும் இருக்காது. அதனால்தான் மற்றதையெல்லாம் நீ எழுதிக்கொண்டு போக வேண்டும் என்கிறேன். படைவாரியாகப் பிரித்திருப்பதால் ஒரே விமானத்தில் போனவர்கள் வெவ்வேறு இடங்களில் இருப்பார்கள். ஒருவரோடு நிறுத்திவிடாதே, எல்லோரிடமும் போ. ஒவ்வொருவரின் பெயரையும் வாய்விட்டுச் சொல்.

படம் எடுக்கும்போது எழுத்தின் நிழல் விழும்படி பக்கவாட்டிலிருந்து எடு. பெயரை மட்டும் எடுத்தால் எந்தத் தூண் என்று பிறகு தெரியாது, மேலே உள்ள படைத் தலைப்போடு சேர்த்து இன்னொன்றும் எடு. எழுத்தின் மேல் சாக்கட்டியோ பென்சிலோ தேய்க்காதே, கல் கெடும். பூ வைப்பதென்றால் தூணின் அடியில் வை.

கல்லில் உள்ள பெயரும் படிவம் 541-இல் உள்ள பெயரும் வேறுபட்டால் இரண்டையும் அப்படியே எழுதி எனக்கு அனுப்பு. ஆணையம் சான்று இருந்தால் திருத்தும். கோப்பில் பார்த்துவிட்டு நானே அவர்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா