இம்வாஸ் ஊரையும் எழுதச் சொல், மகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். சின்னவனுக்குப் பள்ளிக்கூடத்தில் 1967 ஆறு நாள் போரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அம்மப்பாவிடம் கேட்கச் சொன்னான் என்றாய். ரெலிபோனில் சொன்னால் பாதிதான் விளங்கும், அதுதான் எழுதுகிறேன். நீ வாசித்து அவனுக்கு விளங்கப்படுத்து.

அந்தப் போரைச் சூடேற்றியது ஒரு பொய்த் தகவல். சிரிய எல்லையில் இஸ்ரேல் படை குவிக்கிறது என்று மே மாத நடுவில் சோவியத் ஒன்றியம் எகிப்துக்குச் சொன்னது. எகிப்தின் படைத் தளபதி பௌசி நேரே சிரியாவுக்குப் போய் விசாரித்துவிட்டு, அப்படி ஒன்றுமில்லை என்றுதான் வந்து சொன்னார். அதற்குப் பிறகும் எகிப்து அதிபர் நாசர் நிற்கவில்லை. இஸ்ரேலை ஒட்டிய சினாய்ப் பாலைவனத்தில் படையை இறக்கினார், ஐ.நா. படையைப் போகச் சொன்னார், செங்கடலுக்குப் போகும் வழியான திரான் நீரிணையை இஸ்ரேலியக் கப்பல்களுக்கு மூடினார். இஸ்ரேலிலும் சனம் பயந்து வீட்டு வளவுகளில் பதுங்குகுழி வெட்டியது. பொய் என்று தெரிந்த பிறகும் இறங்கி வர மனமில்லாத தலைவர்களால்தான் சனம் அழிகிறது. இதை அவன் கட்டாயம் எழுத வேண்டும்.

ஜூன் 5 காலை இஸ்ரேல் முந்திக்கொண்டது. எகிப்தின் விமானங்கள் தரையில் நின்றபடியே எரிந்தன, அன்று மட்டும் சுமார் 300. உண்மையில் போர் அந்தக் காலையிலேயே தீர்ந்துவிட்டது. 10ஆம் தேதி முடியும்போது எகிப்திடமிருந்த சினாய், காசா, ஜோர்தானிடமிருந்த மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், சிரியாவின் கோலான் எல்லாம் இஸ்ரேல் கையில். சுயஸ் கால்வாய் 1975 வரை மூடிக் கிடந்தது. நம் இலங்கைத் தேயிலையும் அதுவரை ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் லண்டனுக்குப் போனது.

இதெல்லாம் அவனுடைய புத்தகத்திலும் இருக்கும். சனத்தைப் பற்றி எவ்வளவு இருக்குமோ தெரியாது. மேற்குக் கரையிலிருந்தும் காசாவிலிருந்தும் மூன்று லட்சம் பேரளவில் வெளியேறினார்கள். ஜோர்தான் ஆற்றுப் பாலம் உடைந்து ஆற்றில் சரிந்து கிடக்க, அதன் இரும்புச் சட்டங்களைப் பிடித்துப் பிடித்துக் கிழவர்களும் பிள்ளைகளும் மூட்டையோடு கடக்கும் படங்கள் இருக்கின்றன. தேடி அவனுக்குக் காட்டு. நம் போரின் கடைசி நாள்களில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவள் நீ, உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாளே, நினைவிருக்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம். முகாமிலிருந்து விட்ட பிறகு நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தோம். வீடு இல்லை, வளவு முழுக்கப் பற்றை, கிணற்றுக்குள் தகரமும் மண்ணும். என்றாலும் அந்த உறுதிக்கு ஒரு நிலம் இருந்தது. மேற்குக் கரைக்குத் திரும்பி வர மனுக் கொடுத்தவர்களில் அந்தக் கோடையில் உள்ளே விடப்பட்டவர்கள் சுமார் 14,000 பேர்தான். இம்வாஸ், யாலு, பெய்த் நூபா என்று மூன்று ஊர்கள் ஜெருசலேமுக்குப் போகும் பாதையில் இருந்தன. சனத்தை நடக்க விட்டுவிட்டு வீடுகளை இடித்தார்கள். பிறகு அங்கே மரம் நட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். கனடாவில் சேர்த்த நன்கொடையில் வந்ததால் அதற்குக் கனடா பூங்கா என்றே பெயர். உன்னுடைய மகன் கனடாப் பிள்ளை. அதனால்தான் அவன் இதை அறிய வேண்டும் என்கிறேன்.

நவம்பரில் வந்த ஐ.நா.வின் 242ஆம் தீர்மானம், போரால் நிலத்தை எடுத்துக்கொள்வது ஏற்கத்தக்கதல்ல என்றது. சினாயை எகிப்து 1982இல் ஏறக்குறைய முழுதாகத் திரும்பப் பெற்றது. மேற்குக் கரைக்காரர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

சரி, அவன் எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்பு. ஆங்கிலத்தில் என்றாலும் பரவாயில்லை, நான் மெதுவாக வாசிப்பேன். மருமகனுக்கும் சொல். குளிருக்குக் கவனம்.

அன்புடன்,
அப்பா