வைல் லூப்புக்கும் ஒரு சமன்பாடு உண்டு: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கணினி அறிவியல் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். டிஸ்க்ரீட் மேத்ஸ் தாளில் பூலியன் இயற்கணிதம், அதாவது உண்மை-பொய்களின் கணக்கு, நடத்துகிறோம். அப்புறம் வேறொரு செமஸ்டரில் ஆட்டோமேட்டா தாளில் எழுத்துக்கோவைகளின் வடிவத்தைக் குறிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனும், 'எத்தனை முறை வேண்டுமானாலும்' என்பதைக் குறிக்கும் க்ளீனி ஸ்டாரும் வருகின்றன. மாணவர்கள் இரண்டையும் படித்து, தேர்வு எழுதி, மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்தால், தாங்கள் எழுதும் சி நிரல் சரிதானா என்று நிறுவ வழி பிறக்கும் என்பது அவர்கள் காதில் விழுவதே இல்லை.

அந்தச் சேர்க்கையை 1997இல் கணினி அறிவியலாளர் டெக்ஸ்டர் கோசன் எழுதிவிட்டார். பெயர் 'க்ளீனி ஆல்ஜீப்ரா வித் டெஸ்ட்ஸ்'. இதில் பெருக்கல் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவது, கூட்டல் என்றால் இரண்டில் ஒன்று, ஸ்டார் என்றால் எத்தனை சுற்று வேண்டுமானாலும். இஃப், வைலுக்குள் வரும் நிபந்தனைகள் பூலியன் உறுப்புகள். வைல் லூப்பை எழுத, நிபந்தனையையும் லூப்பின் உடலையும் பெருக்கி ஸ்டார் போட்டு, கடைசியில் நிபந்தனையின் மறுப்பால் பெருக்க வேண்டும். 'அ உண்மையாக இருக்கையில் ந என்ற நிரலை ஓட்டினால், அது முடியும்போது ஆ உண்மையாக இருக்கும்' என்று நிரலின் சரித்தன்மையைச் சொல்லும் ஹோர் வாக்கியம் இப்படிச் சுருங்கும்: அ, ந, ஆவின் மறுப்பு மூன்றின் பெருக்கல் பூச்சியம். அதாவது, அவ்வில் தொடங்கி ஆ பொய்யாகி முடியும் ஓட்டமே கிடையாது. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் உண்மையாக இருக்க வேண்டிய கூற்றுக்கு இன்வேரியன்ட் என்று பெயர். ஒரு சுற்று கெடுக்காத இன்வேரியன்டை எத்தனை சுற்றும் கெடுக்காது என்பதைக் கரும்பலகையில் சில வரிகளில் காட்டிவிடலாம்.

மாறிக்குப் புது மதிப்பைக் கொடுக்கும் மதிப்பளிப்பு வாக்கியம் வரும்போது இந்த இயற்கணிதம் மட்டும் போதாது. மாறிகளின் மதிப்புகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். நிரூபணத்தைப் படிப்படியாகச் சரிபார்க்கும் இசபெல் போன்ற நிரூபண மென்பொருளுக்கு அங்கேதான் வேலை. நிரலை, அது ஓடுமுன்னும் ஓடிய பின்னும் மாறிகள் இருக்கும் நிலைகளுக்கிடையேயான உறவாக வரையறுத்தால், லூப்பின் எலும்புக்கூட்டை இயற்கணித விதிகள் பார்த்துக்கொள்ளும்; மிச்சம் எண்களைப் பற்றிய சின்னச் சின்னக் கூற்றுகள்தான். அவற்றில் பலவற்றை இசபெல்லின் தானியங்கி நிரூபணத் தேடல் கருவியான ஸ்லெட்ஜ்ஹாமர் தானே தேடி முடித்துவிடும். இந்த இயற்கணிதத்துக்கான நூலகம் இசபெல்லின் நிரூபணக் காப்பகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

'டெஸ்ட் கேஸ் போதாதா?' என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் அல்காரிதம் 2002இல் பைத்தானுக்காக எழுதப்பட்டு, பிறகு ஜாவாவுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் போனது. ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளை ரன்கள் என்று எடுத்து, ஓர் அடுக்கில் காக்கவைத்து, பிறகு இணைப்பது அதன் வழி. காத்திருக்கும் ரன்களின் நீளங்கள் பற்றி ஓர் இன்வேரியன்ட் எப்போதும் காக்கப்படும் என்று அதன் கமென்டிலேயே எழுதியிருந்தது. 2015இல் ஓர் ஆய்வுக்குழு ஜாவா நிரல்களை நிறுவும் கீ (KeY) என்ற கருவியில் அதை நிறுவ முயன்றபோது நிரூபணம் நகரவில்லை. அடுக்கின் உச்சியில் சில ரன்களை மட்டும் சரிபார்த்ததால், கீழே இன்வேரியன்ட் உடைந்திருந்தது. அதை வைத்து ஜாவாவின் சார்ட்டையே எக்ஸெப்ஷனில் (பிழையோடு நின்றுபோகும் நிலையில்) விழவைக்கும் அரே ஒன்றையும் அவர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். அதற்குக் குறைந்தது 6,71,08,864 உறுப்புகள் தேவை. எந்த லேப் தேர்வில் இதைச் சோதித்திருப்போம்?

புதிய தாள் எதுவும் கேட்கவில்லை. அல்காரிதம் லேபில் ஒரே மாதிரியான சார்ட்டிங் பயிற்சிகளில் இரண்டை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு வைல் லூப்பை மாணவரே இசபெல்லில் நிறுவட்டும்; அரேயில் பெரிய எண்ணைத் தேடும் லூப் போதும். ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி வேண்டும், அதற்கு ஒரு கோடை விடுமுறையாவது ஒதுக்குங்கள். மதிப்பெண்ணை இன்வேரியன்ட் எழுதுவதற்குக் கொடுங்கள். நிரூபணத்தை மென்பொருளே திருத்திவிடும், உங்களுக்கு அந்தப் பாரம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு கணினி அறிவியல் ஆசிரியர்