டிசம்பர் 4 தேர்வு: மூன்றாம், ஆறாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

20.11.2024

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன திங்கட்கிழமை இறைவணக்கம் முடிந்த கையோடு, ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா அலுவலக வாசலில் வந்து நின்றார். தோட்டத்தில் பூ எடுத்துவிட்டு நேராக வந்திருந்தார். முந்தானையில் பனி ஈரம் இன்னும் காயவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு கைடை எடுத்து என் மேசையில் வைத்தார். மதுரைக்குப் போய் 220 ரூபாய் கொடுத்து வாங்கினாராம். "டீச்சர், இந்தப் பரீட்சையில மார்க் கொறஞ்சா புள்ளைய ஆறாப்புலயே உக்கார வச்சுருவாங்களாம்ல? தெருவுல எல்லாரும் அதத்தான் பேசிக்கிறாங்க" என்று கேட்டார்.

அவரிடம் சொன்னதையே உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். யாரையும் உட்கார வைக்க மாட்டார்கள். டிசம்பர் 4 அன்று நடக்கப்போகும் இந்தத் தேசிய ஆய்வுத் தேர்வில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. தனிப்பட்ட முறையில் எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் வராது. கைடு வாங்க வேண்டாம். வாங்கியவர்கள் அதைப் பிள்ளை கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம்.

உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று நம் மாநிலத்தில் அறிவிப்பு வந்ததும், இதே ஊரில் பத்து வயதுப் பிள்ளைகள் ராத்திரி தூங்காமல் அழுததும் எனக்கு நினைவிருக்கிறது. 2020 பிப்ரவரியில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இப்போது நடக்கப்போவது அந்த மாதிரித் தேர்வு இல்லை.

இதன் பெயர் பரக் தேசிய ஆய்வு. டிசம்பர் 4, புதன்கிழமை நாடு முழுவதும் ஒரே நாளில் நடக்கிறது. முன்பு இதையே தேசிய அடைவுத் தேர்வு என்றோம். எங்கள் ஆசிரியர்கள் இன்னமும் ஆங்கிலச் சுருக்கமாக 'நாஸ்' என்றுதான் சொல்வார்கள். 2017இல் நடந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பர் 12 அன்று நடந்தபோது நாடெங்கும் சுமார் 34 லட்சம் பிள்ளைகள் எழுதினார்கள். அப்போது 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகள். இந்த முறை 3, 6, 9. நம் பள்ளி எட்டாம் வகுப்பு வரைதான் என்பதால் நமக்கு மூன்றும் ஆறும். எல்லாப் பள்ளிகளிலும் இதை நடத்துவதில்லை. மாவட்டத்துக்குச் சில பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பட்டியலில் இந்த முறை நம் பள்ளியும் இருக்கிறது. நம்முடையவை சின்ன வகுப்புகள் என்பதால் இரண்டு வகுப்பிலும் எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள்.

பரக் என்பது இந்திச் சொல். உரைத்துப் பார்ப்பது என்று பொருள். தெற்காவணி மூல வீதியில் நகை விற்கப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், ஆசாரி நகையை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து மாற்றுப் பார்ப்பார். அப்படி உரைப்பதால் நகைக்கு ஒரு குறைவும் வராது. இந்தத் தேர்வில் உரைத்துப் பார்ப்பது உங்கள் பிள்ளையை அல்ல, எங்களைத்தான். நாங்கள் சொல்லிக்கொடுத்தது பிள்ளையிடம் போய்ச் சேர்ந்ததா, மதுரை மாவட்டத்தில் எந்தப் பாடத்தில் எந்த இடம் பலவீனமாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். முடிவுகளும் மாவட்டம், மாநிலம், நாடு என்ற அளவில்தான் வெளியாகும்.

புத்தகத்தில் எந்தப் பாடத்திலிருந்து கேட்பார்கள் என்று சிலர் கேட்டீர்கள். குறிப்பிட்ட பாடம் என்று எதுவும் இல்லை. மூன்றாம் வகுப்புக்கு மொழியும் கணக்கும். ஆறாம் வகுப்புக்கு இந்த இரண்டோடு நம்மைச் சுற்றியுள்ள உலகம் என்று ஒரு பகுதியும் உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதினாலும், ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதைத்தான் கேட்பார்கள். மூன்றாம் வகுப்புக்கும் அப்படித்தான், முதல் இரண்டு வகுப்புகளில் ஊன்றியிருக்க வேண்டியதைத்தான் பார்ப்பார்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு வினாத்தாள் தமிழில் வரும். கேள்விக்கு நான்கு விடை இருக்கும், சரியானது ஒன்றுதான்.

அந்த நான்கு விடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நானே இதைப் புரிந்துகொள்ள நாளானது.

போன வாரம் பயிற்சிக்காக நாங்களே ஒரு தாள் தயாரித்தோம். அதில் ஒரு கழித்தல் கணக்கு: 403லிருந்து 158ஐக் கழி. விடைகள் 245, 255, 355, 561. சரியான விடை 245. மற்ற மூன்றும் சும்மா போட்ட எண்கள் அல்ல. 561 என்று குறித்த பிள்ளை கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டது. கேள்வியை அது வாசிக்கவில்லை; அதற்குக் கணக்குத் தெரியும். 255 என்று குறித்த பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரிகிறது, ஆனால் கடன் கொடுத்த இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டது. 355 என்று குறித்த பிள்ளையோ மேலே கீழே பார்க்காமல் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறது. எட்டில் மூன்று போனால் ஐந்து, ஐந்தில் பூஜ்யம் போனால் ஐந்து, நான்கில் ஒன்று போனால் மூன்று. மூன்று பிள்ளைகளுக்கும் நாம் ஒரே சிவப்பு மையில் ஒரே தப்புக்குறிதான் போட்டு வந்திருக்கிறோம். ஆனால் மூவருக்கும் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு.

அந்தக் கணக்கில் மூன்றாம் வகுப்பில் 17 பேரில் 8 பேர் 355 என்று குறித்திருந்தார்கள். வகுப்பாசிரியை அவர்களைத் தரையில் வட்டமாக உட்கார வைத்து, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். ஒரு குட்டிப் பெண் சொன்னாள்: "பூஜ்யத்துக்கிட்ட எப்படி டீச்சர் கடன் வாங்குறது? அதுகிட்டயே ஒண்ணும் இல்லையே." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எவ்வளவு நியாயமான கேள்வி! கடன் வாங்குவது என்ற சொல்லை வாயால் சொல்லிக்கொடுத்தோமே தவிர, கையில் காட்டவில்லை. மறுநாள் ஆசிரியை ஈர்க்குச்சிக் கட்டுகள் கொண்டுவந்தார். நூறு குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துப் பத்துப் பத்தாகப் பிரித்து, அதிலிருந்து ஒரு பத்தை மறுபடி அவிழ்த்து, பிள்ளைகளையே எண்ண வைத்தார். இப்போது அந்த 8 பேரில் 6 பேர் சரியாகப் போடுகிறார்கள். மீதி 2 பேருக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். கொடுப்போம்.

ஆறாம் வகுப்பில் வேறு விதமான ஒன்றைப் பார்த்தேன். ஒரு பையனின் அப்பத்தா சந்தையில் பூ விற்கிறார். கால் கிலோ மல்லி 300 ரூபாய் என்றால் கிலோ எவ்வளவு என்று கேட்டேன். நான் வாயை மூடுவதற்குள் 1,200 என்றான். அதே பையன் தாளில், மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு, இதில் எது பெரியது என்ற கேள்விக்கு நான்கில் ஒரு பங்கு என்று குறித்திருக்கிறான். நான்கு பெரிய எண்ணாம். தராசில் தெரிந்த கால், தாளில் அவனுக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துவைப்பது எங்கள் வேலை. உங்களால் ஆகிற உதவியும் ஒன்று உண்டு. கடையில், வயலில், அடுப்படியில் நீங்கள் கணக்குப் பார்க்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் போடுங்கள். பஸ் போர்டையும் ரேஷன் கடைப் பலகையையும் அவர்களை வாசித்து, என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். உங்களுக்கு நிஜமாகவே தெரிய வேண்டிய ஒரு விஷயத்தை வாசித்துச் சொல்லும்போது பிள்ளை கவனமாக வாசிக்கும்.

இனி, தேர்வு நாள் பற்றி.

எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும். 'எம்புள்ளைக்குச் சரியா எழுத்துக் கூட்ட வராது, அன்னைக்கு வீட்ல நிப்பாட்டிக்கிறேன் டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு எதுக்குக் கெட்ட பேரு' என்று என்னிடம் மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. காரணம் இதுதான்.

சுமார் இருபது வருடத்துக்கு முன்பு வேறொரு பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்தேன். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்க மேலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும், வாசிப்பு வராத பிள்ளைகளை அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடும்படி எனக்குச் சொன்னார்கள். நானும் நான்கு பிள்ளைகளிடம் போய்ச் சொன்னேன். ஆய்வு நன்றாக முடிந்தது, பாராட்டும் கிடைத்தது. மதியம் மணி அடித்ததும் பார்த்தால், அந்த நால்வரில் ஒருவன் சுற்றுச்சுவருக்கு வெளியே தட்டோடு நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு முட்டை போடும் நாள். உள்ளே வரலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். நானே கூட்டிவந்து சாப்பிட வைத்தேன். ஆனாலும் அவன் தட்டை மறைத்தது இன்றுவரை என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த வருடம் முழுக்க அவனுக்கு வாசிக்க வராதது யார் கணக்கிலும் ஏறவில்லை. ஏறாததால் யாரும் அதற்காக எதுவும் செய்யவும் இல்லை.

அதனால், எழுத்துக் கூட்ட வராத பிள்ளைதான் டிசம்பர் 4 அன்று கட்டாயம் வர வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று காட்டட்டும். பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்தால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்று காலை பூ எடுக்கவோ, ஆடு மாடு பார்க்கவோ பிள்ளைகளை அனுப்பாதீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழக்கம்போல் பள்ளியிலேயே காலை உணவு உண்டு. 2022 செப்டம்பரில் நம் மதுரையில் தொடங்கிய திட்டம் அது, ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டில் சாப்பிட வைத்தே அனுப்புங்கள். நீச்சத்தண்ணியாக இருந்தாலும் பரவாயில்லை, வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். தேர்வு நடத்த வெளியிலிருந்து களப்பணியாளர்கள் வருவார்கள். புது முகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள், பள்ளிக்கு எப்படி வருகிறாய் என்பது போலவும் சில கேள்விகள் கேட்பார்கள். பிள்ளை எந்தச் சூழலில் படிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அது. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். ஆசிரியர்களுக்கும் பள்ளிக்கும்கூடத் தனித்தனியாகக் கேள்வித்தாள் உண்டு.

தேர்வுக்காக நாங்கள் பாடத்தை நிறுத்தப் போவதில்லை. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்து தாளில் குறிக்கும் பழக்கத்துக்காக மட்டும் தினமும் கடைசி அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். முதல் நாள் ஒரு பையன் தப்பாகக் குறித்ததை எச்சில் தொட்டு அழித்து, தாளே ஓட்டையாகிவிட்டது. இப்போது பழகிவிட்டார்கள்.

நவம்பர் 29, வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு இரண்டு வகுப்புப் பெற்றோர்களும் பள்ளிக்கு வாருங்கள். பயிற்சித் தாளை உங்களுக்கும் கொடுப்போம். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் எழுதிப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளையே வாசித்துக் காட்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வேலை முடிந்து வரும்போது எட்டிப் பாருங்கள், 6 மணி வரை நான் பள்ளியில்தான் இருப்பேன். 220 ரூபாய் கைடு வாங்கிய அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.