உளியைக் கீழே வைத்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பண்டைய எகிப்து கட்டுரையில் கூஃபு, துட்டன்காமுன், கிளியோபாட்ரா என்று அரசர்களைப் பற்றி நிறையவே இருந்தது. நடுவில், ‘லட்சக்கணக்கான அடிமைகளைச் சாட்டையால் அடித்துப் பிரமிடுகளைக் கட்டினார்கள்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி. அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

எகிப்தில் அடிமைகளே கிடையாது என்று நான் சொல்லவில்லை, போர்க்கைதிகள் இருந்தார்கள். ஆனால் 1990-இல் கீசாவில் கண்டெடுத்த தொழிலாளர் கல்லறைகள் வேறு கதை சொல்கின்றன. அரசனின் பிரமிடுக்கு அருகிலேயே, மறுமைக்கு வேண்டிய ரொட்டிக்கும் பீருக்கும் சாடிகள் வைத்து அவர்களை அடக்கம் செய்திருக்கிறார்கள். பாரம் இழுத்துத் தேய்ந்த முதுகெலும்புகளோடு, முறிந்தபின் கட்டுப்போட்டு நேராகக் கூடிய எலும்புகளும் அங்கே கிடைத்தன. வேலை கடுமையானதுதான். ஆனாலும் அடிமையை அரசன் பக்கத்தில் இப்படிப் புதைப்பார்களா?

தென் எகிப்தில், லக்சர் நகருக்கு அருகே தெய்ர் எல்-மதீனா என்ற ஊர் இருக்கிறது. மன்னர் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய கைவினைஞர்களின் ஊர். இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டில் அவர்களுக்கு எழுதிய வருகைப் பதிவு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்றில் பெயர், தேதி, வேலைக்கு வராத காரணம் எல்லாம் எழுதியிருக்கிறது. ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவரின் தாய்க்கு உடம்பு சரியில்லை. இன்னொருவர் பீர் காய்ச்சப் போய்விட்டார். படிக்கும்போது அந்த மனிதர்கள் நம் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

இவர்களுக்குக் கூலி தானியமாகக் கிடைத்தது. மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், அது நின்றுபோனது. கடல்வழியே வந்து தாக்கிய ‘கடல் மக்கள்’ என்ற கூட்டங்களின் படையெடுப்பை முறியடித்ததை மதினத் ஹாபு கோயில் சுவர்களில் பெருமையாகச் செதுக்கிவைத்த அதே அரசன்! ‘பசிக்கிறது, மாதத்தில் 18 நாள் போய்விட்டது’ என்று சொல்லிவிட்டு வேலையாட்கள் கூட்டமாக வெளியேறி ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்துகொண்டார்கள். பின்னர் ராமேசியம் கோயிலுக்கும் போனார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்கும் அமைச்சருக்கும் தெரிவியுங்கள் என்றார்கள். முந்தைய மாதத்துப் பாக்கி கைக்கு வந்தது. அதோடு முடியவில்லை, கூலி தாமதமானபோதெல்லாம் மறுபடி வெளியேறினார்கள். எழுத்துச் சான்றோடு நமக்குத் தெரிந்த முதல் வேலைநிறுத்தம் இதுதான். அதைப் பதிவுசெய்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுவடி இத்தாலியின் துரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் உங்கள் பக்கங்களைக் கத்தரித்துப் பாட நோட்டில் ஒட்டுகிறார்கள். ஆகவே அந்த வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். தெய்ர் எல்-மதீனாவைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றும் வரவேண்டும். ஒரு துட்டன்காமுன் முகமூடிப் படத்தின் இடத்தைக் கொடுத்தாலே போதும், அந்தக் கல்துண்டின் படத்தையும் சேர்த்துப் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தஞ்சாவூர்