துருவமான் கறியும் அது தின்ற தீனியும்

அன்புள்ள தம்பி,

இங்கு எல்லோரும் நலம். போனில் நீ ஆத்தாவிடம் குறைப்பட்டுக்கொண்டதைக் கேட்டேன். நார்வேயில் உன் ட்ரொம்சோவில் ஒரு தடவை வாங்கிய துருவமான் (ரெயின்டீர்) கறி உப்புக்கறிக்கு அப்படிப் பொருந்தியதாம். அடுத்த தடவை அதே வரமிளகாய், அதே பூண்டு, ருசி மட்டும் சப்பென்று போனதாம். "பக்குவம் தப்பியிருக்கும்" என்று அவள் முடித்துவிட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலமெல்லாம் கால்நடை ஆஸ்பத்திரியில் கிடந்தவன் சொல்கிறேன்: அந்த மான் கடைசியாக என்ன தின்றது என்று விசாரி.

கோடையில் அது புல், செடிகொடி, பிர்ச் இலை என்று பச்சையாக மேயும். குளிர்காலத்தில் குளம்பால் பனியைத் தோண்டி லைக்கன் தின்னும். ஆத்தா மசாலாவுக்குப் போடுகிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான். கல்பாசி மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டுவது, மான் தின்பது தரையில் வெளிறிப்போய்ப் படர்வது. அதில் மாவுச்சத்து தாராளம், புரதம் சொற்பம். அதனால் உயிர் தங்கும், சதை போடாது.

பனிமேல் மழை பெய்து உறைந்துவிட்டால் லைக்கனுக்கு வாய் எட்டாது. அப்போது மேய்ப்பவர்கள் குச்சித் தீவனம் போடுவார்கள். பார்லி, ஓட்ஸ், தவிடு, இப்படி. இங்கேதான் ருசி மாறுகிறது. பச்சையில் மேய்ந்த மானின் கொழுப்பில் ஒமேகா-3 என்ற கொழுப்பு வகை கூடுதல், காட்டு வாசனையும் தூக்கலாக இருக்கும். தானியத் தீவனம் தின்றதில் ஒமேகா-6 என்ற வேறு வகை ஏறும், வாசனை மட்டுப்படும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. என்னைக் கேட்டால் மேய்ந்த கறிதான் கறி. நம் ஊரிலும் காட்டில் குழை கடித்த வெள்ளாட்டுக்கும் கொட்டிலில் கட்டிப்போட்டு வளர்த்ததற்கும் குழம்பு கொதிக்கும்போதே வித்தியாசம் தெரியுமே!

ஆனால் தீவனத்தை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. வயிறு காய்ந்த மானை வெகுதூரம் விரட்டி வந்து அறுத்தால் தசையில் சேமித்து வைத்த சர்க்கரைச்சத்தான கிளைக்கோஜன் தீர்ந்திருக்கும். அறுத்த பிறகு அதுதான் லாக்டிக் அமிலமாக மாறி, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை 7-லிருந்து 5.6 பக்கம் இறக்கும் (அளவு இறங்கினால் புளிப்பு கூடும்). அது இறங்காவிட்டால் கறி கறுத்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், சீக்கிரம் கெடும். நன்றாகத் தின்ற மானில் இந்தத் தொல்லை குறைவு.

1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோதும் இந்தத் தீவனம்தான் கைகொடுத்தது. லைக்கனுக்கு வேர் கிடையாது, காற்றிலும் மழையிலும் வருவதையே உறிஞ்சும். உலையிலிருந்து பறந்து வந்த கதிரியக்கச் சீசியமும் அப்படித்தான் லைக்கனில் ஏறி, அதைத் தின்ற மானுக்கும் போனது. அறுப்பதற்குச் சில வாரம் முன்பு சுத்தமான தீவனம் போட்டால் உடம்பிலிருந்து அது இறங்கிவிடும்.

அப்புறம், கிடா மான் இணைசேரும் பருவத்தில் சரியாகத் தின்னாது, உடம்பு வற்றும், கறியும் நாறும். செப்டம்பரில் அந்தப் பருவம் தொடங்குமுன் அறுத்ததா என்று கேட்டு வாங்கு. மேய்ந்ததா, தீவனமா என்பதையும் கேள். தொடைக்கறியில் கொழுப்பே இருக்காது, வதக்க வதக்க வறண்டுபோகும். உப்புக்கறிக்குக் கழுத்தோ தோளோ எடு, நல்லெண்ணெய் ஒரு கரண்டி கூடவே விடு. சின்ன வெங்காயம் அங்கே கிடைக்கிறதா என்று ஆத்தா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பச்சி
காரைக்குடி