இரண்டு ஆண் எலியை ஒரே கூண்டில் போட்டுக் கொடுக்காதீர்கள்

வெள்ளை எலி (வெள்ளைச் சுண்டெலி) விற்கும் செல்லப்பிராணிக் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். "தனியா வளர்க்காதீங்க, ஜோடியா எடுங்க. குட்டி போடக் கூடாதுன்னா ரெண்டுமே ஆணா எடுத்துக்கோங்க" என்று சொல்லி விற்கும் பழக்கத்தை விடச் சொல்லித்தான் இந்த மடல். துணை வேண்டும் என்பது பெண் எலிகளுக்குச் சரி. ஆணுக்கு இன்னொரு ஆண் பெரும்பாலும் போட்டிக்காரன்தான்.

நீங்கள் விற்கும் வயதில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும், வாங்குபவர் நம்பிவிடுவார். ஐந்தாறு வாரத்தில் பருவம் வரும். அதற்குப் பிறகு வாலைப் படபடவென்று தரையில் அடிப்பது, துரத்துவது, கடைசியில் கடி. இடுப்பு, வாலடி, வால், விதைப்பை ஆகிய இடங்களில்தான் அதிகம் கடிபடும், ஓடுகிறவனுக்குப் பின்பக்கம்தானே அகப்படும். புண்ணே இல்லாமல் பளபளப்பாக இருப்பதுதான் கடிக்கிற எலி. புண்பட்டதை 'நோயாளி' என்று எடுத்துவிட்டு, மற்றதை வேறொரு ஆணோடு சேர்ப்பது வீண்.

வெளியே தெரியும் புண்ணைவிட உள்ளே நடப்பது மோசம். கடிவாயில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா புகுந்து தோலுக்கடியில் சீழ் கட்டும். ஆண்குறிக்குப் பக்கத்தில் இருக்கும் வாசனைச் சுரப்பி சீழ்பிடித்துப் பட்டாணி அளவுக்கு வீங்கும். ஆண்குறியிலேயே கடிபட்டால் வீக்கத்தில் சிறுநீர் வழி அடைத்துக்கொள்ளும். அடிவயிறு உப்பி, சொட்டுச் சொட்டாக ஈரமாக, எலி கூனிக்குறுகி உட்கார்ந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வேண்டாம். எலி நக்கித் தின்றுவிடும்.

எல்லாப் புண்ணும் சண்டைப் புண் அல்ல. கழுத்திலும் தோளிலும் காயம் இருந்து, எலி பின்னங்காலால் ஓயாமல் சொறிந்தால் மயிருக்குள் இருக்கும் நுண்ணிய உண்ணியைச் சந்தேகிக்கலாம். தோலில் கீறலே இல்லாமல் மீசை மட்டும் கத்தரித்தாற்போல் போயிருந்தால், மீசை முழுசாக உள்ள கூட்டாளிதான் அதைக் கடித்து மழித்திருக்கும்.

வாடிக்கையாளர்களிடம் நீங்கள் சொல்லும் 'கூண்டை வாரம் ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுங்க' என்பதும் சண்டையைக் கிளப்பும். ஆண் எலிக்கு வாசனைதான் பெயர்ப்பலகை. அத்தனையும் கழுவிப்போனால் யார் பெரியவன் என்பதை முதலிலிருந்து தீர்மானிக்க வேண்டும். நனைந்த மரத்தூளை எடுத்து எறிந்துவிட்டு, தூங்குமிடத்தில் உள்ள காய்ந்த காகிதப் பொதியை மட்டும் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். சிறுநீர் ஊறியதைத் திரும்ப வைத்தால் பலன் தலைகீழ். கழுவாமலே விட்டாலும் அம்மோனியா நெடியில் நுரையீரல் கெடும். மூச்சில் 'டிக் டிக்' சத்தம் வரும்.

ஆண்களைச் சேர்த்தே கேட்பவருக்கு ஒரே ஈற்றில் பிறந்து ஒருநாளும் பிரியாத சகோதரர்களைக் கொடுங்கள், இரண்டைவிட மூன்று தேவலை. ஒளியும் பெட்டிக்கு இரண்டு வாசல் இருக்கட்டும். ஒற்றை வாசலில் ஒன்று காவல் உட்கார்ந்துவிடும். பெண் எலியின் வாசனை பக்கத்தில் கூடாது. ரத்தம் வந்துவிட்டால் பிரித்தது பிரித்ததுதான். ஆறியதும் சேர்த்துப் பார்ப்போம் என்றால் உயிர் போகும்.

மற்றவர்களுக்கு ஓர் ஆணைத் தனியாகக் கொடுங்கள். கூடு கட்ட நிறையக் காகிதமும், கம்பி இடைவெளி இல்லாத ஓடுசக்கரமும் இருந்தால் தனி ஆண் நன்றாகவே வாழும். சிறு விலங்கு அறுவையில் கைதேர்ந்த மருத்துவர் இருந்தால் காயடித்து, மூன்று வாரமாவது பொறுத்துப் பெண்களோடு விடலாம். மயக்க மருந்தின் ஆபத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆண் பெண் பிரிப்பதில் நடக்கும் தவறுக்குச் சாக்கே இல்லை. இரண்டு குட்டிகளின் வாலைத் தூக்கி அருகருகே பாருங்கள்: மலவாய்க்கும் குறிக்கும் உள்ள இடைவெளி ஆணுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. பிறந்த பத்தாம் நாள் வாக்கில் பெண் குட்டியின் வயிற்றில் முலைக்காம்புப் புள்ளிகள் தெரியும், மயிர் மூடுவதற்குள் குறித்துக்கொள்ளலாம். நான்கு வாரத்துக்குள் பிரிக்காவிட்டால், சினைபிடித்து 19 முதல் 21 நாளில் அடுத்த ஈற்று. ஈன்ற அன்றே மறுபடி சினையும் பிடிக்கும்.

செல்லப்பிராணிக் கடை விதிகள் 2018இல் வந்தபின் கடைக்குப் பதிவு கட்டாயம். நாங்கள் கேட்பது அதைவிடச் சின்னது. வெவ்வேறு ஈற்று ஆண்களை ஒரே தொட்டியில் கொட்டாதீர்கள். கூண்டில் ஒட்டும் சீட்டில் விலையோடு பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எந்த ஈற்று என்ற மூன்றையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளை எலி வளர்ப்போர்