திட்டத்தையும் பலனையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேளாண் ஆராய்ச்சிக்கு அரசுகள் ஒதுக்கும் பணம் போதாது என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போதாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒதுக்கிய பணத்தில் என்ன செய்யப்போவதாகச் சொன்னார்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்பதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று அந்தக் கட்டுரை கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் விஞ்ஞானி இல்லை. ஆராய்ச்சிப் பண்ணையில் களப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாத்தி அளந்து முளையடிப்பது, எந்தப் பாத்திக்கு என்ன என்று பலகை நடுவது, அறுவடையன்று ஓரத்து வரிசைகளை ஒதுக்கிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் எடை போட்டுக் குறிப்பேட்டில் எழுதுவது, இவைதான் என் வேலை. அந்தக் குறிப்பேட்டில் இருந்த எண்கள் அறிக்கையாக மாறும்போது எவை காணாமல் போகும் என்று அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்கிறேன். உவர் மண்ணில் விதையோடு அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலந்து விதைத்தால் மகசூல் கூடுமா என்று ஒரு பொது நிதி அமைப்பின் பணத்தில் சில பருவங்கள் தொடர்ந்து பரிசோதித்தோம். எங்கள் நிலத்தில் கூடவில்லை. விதைநேர்த்தி செய்த பாத்திக்கும் செய்யாத பாத்திக்கும் இருந்த வித்தியாசம், பாத்திக்குப் பாத்தி இயல்பாகவே வரும் ஏற்ற இறக்கத்தைத் தாண்டவில்லை. என்னைக் கேட்டால் அது நல்ல முடிவு. அந்த மாதிரி மண்ணில் அதற்காகச் செலவு செய்ய வேண்டாம் என்று விவசாயியிடம் தைரியமாகச் சொல்லலாம். நிதி கொடுத்த அமைப்பின் ஆண்டறிக்கையில் அந்தத் திட்டத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். பரிசோதனைகள் நடத்தப்பட்டன, விவசாயிகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, ஒதுக்கீடு முழுவதும் செலவிடப்பட்டது என்று இருந்தது. மகசூல் கூடியதா இல்லையா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

சில ஆண்டுகள் கழித்து வேறொரு நிலையத்திலிருந்து ஒரு இளம் ஆய்வாளர் எங்கள் பண்ணையைப் பார்க்க வந்தார். அதே கேள்வி, அதே மாதிரி மண். அதே அமைப்பு அவருக்குப் புதிதாக நிதி கொடுத்திருந்தது. எங்கள் பழைய குறிப்பேட்டை எடுத்துக் காட்டினேன். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இது ஏன் சார் எங்கேயுமே வரல?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய பல மாத உழைப்பும் பொதுப் பணமும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தேடப் போய்விட்டன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இது தனிமனிதர்களின் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. அறிக்கையில் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் எழுதுவார்கள். செலவுக் கணக்கையும் பயிற்சி பெற்றவர் எண்ணிக்கையையும் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் கேட்டால் அவைதான் வரும். பணம் முறையாகச் செலவானதா என்று பார்ப்பது அவசியம்தான், சரி. ஆனால் அது கணக்காளருக்கான பதில். எந்தக் கேள்விக்காகப் பணம் கொடுத்தோமோ அந்தக் கேள்விக்கு என்ன விடை வந்தது என்பது வேறு.

வேறு மாதிரியும் செய்ய முடியும். ஆஸ்திரேலியாவில் 1989-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய முதன்மைத் தொழில்கள் ஆராய்ச்சி மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஆராய்ச்சிக்கு நிதி தரும் கழகங்கள் அமைந்தன. தானியத்துக்கு ஒன்று, பருத்திக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. விளைபொருள் மீது உற்பத்தியாளர்களிடம் ஒரு வரி வசூலித்து, அரசும் ஒரு வரம்பு வரை ஈடாகப் பணம் போடுகிறது. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று, ஆண்டுதோறும் செயல்திட்டம் ஒன்று, பிறகு ஆண்டறிக்கை என்று அந்தச் சட்டம் வரிசை வகுத்தது. இதில் எனக்குப் பிடித்தது, திட்டத்தில் சொன்ன குறிக்கோள்கள் எந்த அளவு நிறைவேறின என்ற மதிப்பீடும் ஆண்டறிக்கையில் இருக்க வேண்டும் என்று சட்டமே கேட்டதுதான். அமெரிக்காவிலும் 1887-ஆம் ஆண்டின் ஹாட்ச் சட்டப்படி பரிசோதனை நிலையங்களுக்குப் போகும் கூட்டாட்சி நிதிக்கு, 1998-இல் வந்த சட்டம் முன்கூட்டியே பணித்திட்டம் தர வேண்டும் என்று விதித்தது. அங்கெல்லாம் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னதையும் நடந்ததையும் ஒப்பிட்டுக் காட்டு என்று கேட்கும் அதிகாரம் எழுத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. ஆராய்ச்சி ஒரே ஆண்டில் பலன் தராது, வருடாவருடம் விடை கேட்டால் யாரும் துணிந்து எதையும் முயல மாட்டார்கள் என்பார்கள். உண்மைதான். தண்டு குட்டையாக இருப்பதால் சாயாமல் நின்று அதிகம் விளையும் குட்டைக் கோதுமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் நோரின் 10 என்ற ரகம் வெளியானது 1935-இல். போருக்குப் பின் அது அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து மெக்சிகோவில் கோதுமை ரகங்களை உருவாக்கிவந்த விஞ்ஞானி நார்மன் போர்லாக்கின் கைக்கு வந்து, அதன் வழியில் பிறந்த குட்டை ரகங்கள் வெளியாக 1962 ஆயிற்று. 1940-இல் ஓர் ஆண்டறிக்கை எழுதியிருந்தால் என்ன பெருமை சொல்லியிருக்க முடியும்? ஆனால் இந்தக் கதை என் பக்கத்துக்கும் சாட்சி. ஒருவர் கண்டது பதிவாகி, விதையும் குறிப்பும் கைமாறிக்கொண்டே போனதால்தான் அடுத்தவர் அதன்மேல் கட்ட முடிந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1843-இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. பழைய தானியத்தையும் மண்ணையும்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதனால் அப்போது யாரும் யோசிக்காத கேள்விகளுக்கும் இன்று அதில் விடை தேடுகிறார்கள்.

ஆகவே நான் கேட்பது ஆண்டுக்கு ஒரு வெற்றி அல்ல. திட்டத்தில் எழுதிய கேள்வி இடப்பக்கம், இதுவரை கண்டது வலப்பக்கம். "இன்னும் தெரியவில்லை" என்பதும் விடைதான், "பலன் இல்லை" என்பதும் விடைதான். பாதியில் நிறுத்தியிருந்தால் ஏன் நிறுத்தினார்கள் என்று ஒரு வரி. பலன் இல்லை என்று எழுதியவருக்கு அடுத்த முறை நிதி மறுக்கப்படாது என்ற உறுதியும் வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் எளிதில் நிறைவேறக்கூடிய சின்ன வாக்குறுதிகளை மட்டுமே திட்டத்தில் எழுதுவார்கள். முடிந்த திட்டங்களை ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்து, அந்த ரகத்தை அல்லது முறையை யாராவது இப்போது வயலில் பயன்படுத்துகிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று, இது களத்தில் நின்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். நிதியாண்டு ஒரு பக்கம் ஓடும், பருவம் ஒரு பக்கம் ஓடும். விதைப்பு முடிந்த பிறகு பணம் வந்து சேரும். பயிர் கதிர் பிடிக்கும் முன்பே அறிக்கை கேட்பார்கள். அப்படிக் கேட்டால் செலவைத் தவிர வேறு எதை எழுதுவது? பயிர்ப் பரிசோதனைகளுக்காவது அறுவடையும் ஆய்வும் முடிந்த பிறகு அறிக்கை வாங்கும்படி நாட்களை மாற்றுங்கள் என்று நிதி அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய அமைப்பின் ஆண்டறிக்கை வெளியாகும்போது ஒதுக்கீடு எவ்வளவு என்ற செய்தியோடு நிறுத்தாமல், முந்தைய திட்ட ஆவணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருந்து ஒரு பத்துத் திட்டங்கள் என்ன ஆயின என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆராய்ச்சிப் பண்ணைக் களப் பணியாளர்